‘கோர்ஸை முடியுங்கள்’ என்றால் போதுமா? வயிற்றுக்கு ஒரு வழி சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் நவம்பர் 18 முதல் 24 வரை ஆன்டிபயாடிக் விழிப்புணர்வு வாரம் வருகிறது. ‘டாக்டர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்தாதீர்கள்’ என்று பெட்டிச் செய்திகளும் வருகின்றன. அறிவுரையில் குற்றமில்லை. ஆனால் ஐந்து நாள் மருந்தை இரண்டாம் நாளே நிறுத்துகிறவர் அலட்சியத்தால் மட்டும் நிறுத்துவதில்லை. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிறுத்துகிறவர் ஒரு பக்கம். ‘அந்த மாத்திரை போட்டதும் வயித்தால போகுது, வேணாம்’ என்று நிறுத்துகிறவர் இன்னொரு பக்கம். இந்த இரண்டாமவருக்கு அறிவுரை தேவையில்லை, வழி தேவை. அந்த வழி பெரும்பாலும் எந்த மாத்திரையை எப்போது, எதோடு விழுங்குவது என்பதில்தான் இருக்கிறது. மருந்தாளுநர்களாகிய நாங்கள் அதை மட்டும் எழுதுகிறோம்.

கடையில் மாத்திரை போட்டுக் கொடுக்கும் காகிதக் கவரை எடுத்துப் பாருங்கள். காலை, மதியம், இரவு என்று மூன்று வரி. பக்கத்தில் சா.மு., சா.பி. என்று இரண்டு கட்டம். சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின். அவ்வளவுதான். ஆனால் இன்று அதிகம் எழுதப்படும் ஆன்டிபயாடிக்குகளில் ஒன்றான அமாக்ஸிசிலின்–கிளாவுலனிக் அமிலம் இந்த இரண்டு கட்டத்திலும் அடங்காது. அதைச் சாப்பாட்டின் தொடக்கத்தில், முதல் இரண்டு வாய் உள்ளே போனதும் விழுங்க வேண்டும். அப்போதுதான் கிளாவுலனிக் அமிலம் நன்றாக உடம்பில் ஏறும், குமட்டலும் குறையும். ‘சா.பி.’ என்று டிக் அடித்துக் கொடுத்தால், சாப்பிட்டு, கை கழுவி, டிவி பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஞாபகம் வரும்போது போடுகிறார்கள். வெறும் டீயைக் குடித்துவிட்டுப் போடுகிறவர்களும் உண்டு. பிறகு மாத்திரை சேரவில்லை என்கிறார்கள்.

இதே மாத்திரையில் இன்னொரு கோளாறு கடைக்காரர் பக்கம் நடக்கிறது. 625 என்பது 500 மி.கி. அமாக்ஸிசிலினும் 125 மி.கி. கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்தது. 375 என்பது 250ம் 125ம். அதாவது அமாக்ஸிசிலின் பாதியாகிறது, கிளாவுலனிக் அமிலம் அப்படியே நிற்கிறது. ‘625 ஸ்டாக் இல்லை, 375ஐ ரெண்டு ரெண்டாப் போட்டுக்கோங்க’ என்று கொடுத்தால் நோயாளிக்கு ஒரு வேளைக்கு 250 மி.கி. கிளாவுலனிக் அமிலம் போகிறது. வயிற்றைக் கலக்குவதில் பெரும்பங்கு அதனுடையதுதான். கணக்கு சரியாக வருவதுபோலத் தோன்றும், வயிறு சரியாக இருக்காது. 1000 என்று எழுதிய மாத்திரையிலும் (875ம் 125ம்) கிளாவுலனிக் அளவு அதே 125தான். ஆகவே 625ஐ மூன்று வேளை போடுவதைவிட 1000ஐ இரண்டு வேளை போடும்போது நாளுக்கு 125 மி.கி. கிளாவுலனிக் குறைகிறது. பேதி அதிகமென்றால் இப்படி மாற்ற முடியுமா என்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேட்கலாம். நீங்களாக மாற்றிக்கொள்வது வேறு விஷயம், அது வேண்டாம்.

மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலுக்கும் ஸ்க்ரப் டைஃபஸுக்கும் டாக்ஸிசைக்ளின் நிறைய எழுதப்படுகிறது. இதில் கெடுவது வயிற்றைவிட உணவுக்குழாய். இரவு படுக்கப் போகும்போது ஒரு மடக்குத் தண்ணீரில் கேப்சூலை விழுங்கிவிட்டுச் சாய்ந்தால், அது வயிற்றுக்குள் போகாமல் நெஞ்சுப் பகுதியில் உணவுக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஜெலட்டின் உறை ஊறிக் கரையும்போது உள்ளிருக்கும் மருந்து அமிலமாக அந்த ஒரே இடத்தைச் சுடும். மறுநாள் எச்சில் விழுங்கினால்கூட நெஞ்சில் கத்தி வைத்ததுபோல வலிக்கும். மாரடைப்போ என்று பயந்து ஓடுகிறவர்களும் உண்டு. தடுக்கும் வழி எளியது: இரவு உணவோடு போடுங்கள், ஒரு முழு டம்ளர், அதாவது 200 மி.லி.க்குக் குறையாத தண்ணீர் குடியுங்கள், உட்கார்ந்தோ நின்றோ போடுங்கள், அரைமணி நேரமாவது படுக்காதீர்கள். கிளிண்டாமைசின் கேப்சூலுக்கும் இதே விதிதான்.

அடுத்து தயிர். ‘ஆன்டிபயாடிக் சாப்பிடறியா, தயிர் சேர்த்துக்கோ’ என்று வீட்டுக்கு வீடு சொல்வது நல்ல பழக்கம். ஆனால் சிப்ரோஃப்ளாக்ஸசினை மோரிலோ பாலிலோ விழுங்கினால் அதிலுள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். மருந்து ரத்தத்தில் ஏறாமல் குடலிலேயே தங்கி மலத்தோடு போய்விடும். நோயும் தீராது, குடலும் கெடும். கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, துத்தநாக மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் சிரப் எல்லாமே இதைத்தான் செய்யும். சிப்ரோஃப்ளாக்ஸசினை இவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். டாக்ஸிசைக்ளினையும் இவற்றோடு சேர்க்காமல் சில மணி நேரம் தள்ளிப் போடுங்கள், இரும்புச்சத்து மாத்திரையோடு கண்டிப்பாகக் கூடாது. காலையிலும் இரவிலும் மாத்திரை என்றால் மதியம் தயிர்சாதம் என்று வைத்துக்கொண்டால் குழப்பமே இல்லை. அமாக்ஸிசிலினுக்கும் செஃபிக்ஸிமுக்கும் இந்தத் தயிர்க் கட்டுப்பாடு கிடையாது.

அசித்ரோமைசின் வயிற்றைப் பிசைவதற்குக் காரணமே வேறு. குடலை அசைக்கும் மோட்டிலின் என்ற ஹார்மோன் உட்காரும் இடத்தில் இந்த மருந்தும் போய் உட்காருகிறது, குடல் முறுக்குகிறது. மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் பெரும்பாலும் அடங்கும். மெட்ரோனிடசோல் போட்டால் வாயில் இரும்பைச் சப்பியதுபோல ஒரு சுவை நிற்கும், குமட்டும். இதைச் சாப்பாட்டோடு போடலாம். மருந்து முடிந்து மூன்று நாள் வரை மதுவைத் தொடக்கூடாது. ஆல்கஹால் கலந்த இருமல் சிரப்பும் மதுதான். செஃபுராக்ஸிம், செஃப்போடாக்ஸிம் மாத்திரைகளைச் சாப்பாட்டோடு போட்டால்தான் மருந்தே சரியாக ஏறும்.

இங்கேதான் எங்களுடைய பெரிய மனக்குறையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆன்டிபயாடிக் என்றாலே கூடவே ஒரு ‘கேஸ் மாத்திரை’ எழுதுவது வழக்கமாகிவிட்டது. எழுதாவிட்டால் நோயாளியே கேட்டு வாங்குகிறார். பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல், ரபெப்ரசோல் எல்லாம் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள். ஆன்டிபயாடிக்கால் வரும் பேதிக்கும் அமிலத்துக்கும் சம்பந்தமில்லை. குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் சாவதால், செரிக்காத மாவுச்சத்தும் பித்த உப்பும் குடலில் தேங்கி நீரை இழுப்பதால் வரும் பேதி அது. அமிலத்தைக் குறைத்தால் அது நிற்காது. மாறாக, வாய் வழியே வரும் கிருமிகளைத் தடுக்கும் முதல் கதவைத் திறந்துவிட்டதாகும். இந்த வகை மருந்துகளுக்கும் சி. டிஃப் எனும் கடுமையான குடல் தொற்றுக்கும் தொடர்பிருக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012இலேயே எச்சரித்தது. செஃப்போடாக்ஸிமும் செஃபுராக்ஸிமும் அமிலம் குறைந்த வயிற்றில் சரியாக ஏறுவதுமில்லை. ஆக, ஒரு மாத்திரை இன்னொன்றின் காலை வாரிவிடுகிறது. அல்சர் உள்ளவர்கள், வலி மாத்திரையோ ஸ்டீராய்டோ எடுப்பவர்கள், ஏற்கெனவே மருத்துவர் சொல்லி வருபவர்கள் நிறுத்த வேண்டாம். மற்றவர்கள் ‘இது எனக்கு எதற்கு?’ என்று ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

குழந்தைகளுக்கான பவுடர் சிரப்பில் நடக்கும் தவறுகள் தனி ரகம். தூளில் தண்ணீர் கலக்கும்போது பாட்டிலின் கோடு வரை கண்ணால் பார்த்து ஒரே மூச்சில் ஊற்றுவார்கள். அடியில் தூள் கட்டியாக நின்றுவிடும். முதல் இரண்டு நாள் நீர்த்த மருந்து, கடைசி இரண்டு நாள் கெட்டி மருந்து. ‘மூணாம் நாளிலிருந்து பிள்ளைக்கு வயித்தால போகுது’ என்று வருபவர்களிடம் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி அடியைப் பார்த்தால் சில சமயம் விடை அங்கேயே இருக்கும். முதலில் மூடி திறக்காமல் பாட்டிலைத் தட்டித் தூளை உதிர்க்க வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீரை, அல்லது பெட்டியிலேயே வரும் தண்ணீரைப் பாதி ஊற்றி நன்றாகக் குலுக்க வேண்டும். நுரை அடங்கும்வரை காத்திருந்து, பிறகு கோடு வரை நிரப்பி மறுபடி குலுக்க வேண்டும். நுரையோடு கோட்டைப் பார்த்தால் தண்ணீர் குறைந்துபோகும், மருந்து கெட்டியாகும். சூடான தண்ணீர் கூடவே கூடாது, கிளாவுலனிக் அமிலம் சூட்டைத் தாங்காது. அதனால்தான் கலக்கிய பாட்டிலை ஃபிரிட்ஜில் (ஃப்ரீஸரில் அல்ல) வைத்து 7 நாளில் தீர்க்கவோ கொட்டவோ வேண்டும் என்கிறோம். ஒவ்வொரு வேளைக்கும் குலுக்க வேண்டும். சமையல்கட்டு ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. கூட வரும் அளவு மூடியோ, ஊசி இல்லாத சிரிஞ்சோதான் கணக்கு. கொடுத்த அரைமணிக்குள் குழந்தை முழுதும் கக்கிவிட்டால் அதே அளவை இன்னொருமுறை கொடுக்கலாம். அரைமணி தாண்டிவிட்டால் அடுத்த வேளைக்குக் கொடுத்தால் போதும். மறுபடி மறுபடி கக்கினால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

சரி, இத்தனைக்குப் பிறகும் வயிறு போகிறது. நாளுக்கு இரண்டு மூன்று முறை இளகிப்போவது, ரத்தமில்லை, காய்ச்சலில்லை, சாப்பிட முடிகிறது என்றால் மருந்தை நிறுத்தக் காரணமில்லை. கோர்ஸ் முடிந்த சில நாளில் தானே அடங்கும். அதுவரை போகும் நீரையும் உப்பையும் ஈடுகட்டினால் போதும். உலக சுகாதார அமைப்பின் கலவைப்படி ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ்.ஸில் 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் ஆறிய தண்ணீரில் மொத்தமாகக் கரைக்க வேண்டும். ‘ஒரு டம்ளருக்குக் கொஞ்சம்’ என்று பிரித்துப் போட்டால் ஒரு டம்ளரில் உப்பு ஏறும், இன்னொன்றில் சர்க்கரை. ஒரு டம்ளர்தான் தேவையென்றால் 200 மி.லி.க்கான சின்ன பாக்கெட் கிடைக்கிறது. கரைத்தது 24 மணி நேரம்தான் தாங்கும். இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பின்பும் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 100 முதல் 200 மி.லி., ஸ்பூன் ஸ்பூனாக. பாக்கெட் இல்லாத ராத்திரியில் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு அரைக்கு மேல் போகக்கூடாது.

அட்டைப் பெட்டியில் ஆரஞ்சு சுவையில் ஓ.ஆர்.எஸ். என்று எழுதி விற்ற பானங்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சர்க்கரை மிக அதிகம், உப்பு குறைவு. அந்தச் சர்க்கரையே குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். உலக சுகாதார அமைப்பின் கலவையில் இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. பெயர் மாறி வேறு உருவில் வந்தாலும் உள்ளே இருப்பது இனிப்புத் தண்ணீர்தான். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஓ.ஆர்.எஸ்.ஸோடு சேர்த்துக் குடிக்கலாம், அதற்குப் பதிலாக அல்ல. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீரே வேண்டாம்.

சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். உப்புப் போட்ட நொய்க் கஞ்சி, இட்லி, காரம் குறைத்த ரசம் சாதம், வாழைப்பழம், வேகவைத்த வாழைக்காய், நீர் மோர் எல்லாம் நன்று. பழச்சாறு, கூல் டிரிங்க்ஸ், பஜ்ஜி வகையறா, நாளுக்கு நாலு காபி கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும். பால் குடித்ததும் வயிறு உப்பிப் போகிறதென்றால் பாலைச் செரிக்கும் நொதி தற்காலிகமாகக் குறைந்திருக்கிறது என்று பொருள். இரண்டொரு வாரம் பாலை விட்டுத் தயிருக்கு மாறலாம். தாய்ப்பாலை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது.

நல்ல பாக்டீரியா மாத்திரைகள் பற்றி விளம்பரங்கள் சொல்லுமளவுக்கு நாங்கள் சொல்ல மாட்டோம். ஆன்டிபயாடிக் பேதியைத் தடுப்பதில் ஓரளவு நல்ல ஆதாரமுள்ளவை லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் ஜிஜி, சக்கரோமைசஸ் பவுலார்டி ஆகிய இரண்டும்தான். பின்னது ஈஸ்ட் வகை. ஆன்டிபயாடிக் அதைக் கொல்லாது. 250 மி.கி. காலையும் இரவும் என்பது பழக்கத்தில் உள்ள அளவு. முன்னது பாக்டீரியா என்பதால் ஆன்டிபயாடிக்குக்கு இரண்டு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும், இல்லாவிட்டால் வாங்கிய காசு வீண். இரண்டில் எதுவானாலும் முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் பயன். சூடான பாலில் கலக்காதீர்கள். கீமோ எடுப்பவர்கள், கழுத்து ரத்தக்குழாயில் டியூப் போட்டிருப்பவர்கள், தீவிர சிகிச்சையில் இருப்பவர்களுக்கு ஈஸ்ட் வகை ரத்தத்தில் கலந்து ஆபத்தாகும், கூடாது.

கடையில் ‘லூஸ் மோஷன் மாத்திரை குடுங்க’ என்று கேட்பதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. அப்படிக் கேட்டால் பல இடங்களில் கைக்கு வருவது ஓஃப்ளாக்ஸசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை. அதுவும் ஆன்டிபயாடிக்தான், அதுவும் இரண்டு. ஆன்டிபயாடிக்கால் வந்த பேதிக்கு மேலும் இரண்டு ஆன்டிபயாடிக்! இல்லாவிட்டால் பேதியைக் கட்டும் லோப்பரமைடு. சி. டிஃப் தொற்றாக இருந்து குடலை அசையவிடாமல் கட்டினால், அந்தக் கிருமி விடும் நச்சு உள்ளேயே தங்கிக் குடல் வீங்கிவிடும். எதனால் போகிறது என்று தெரியாதவரை கட்டும் மாத்திரை வேண்டாம்.

சி. டிஃப் எப்போது சந்தேகப்பட வேண்டும்? 24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போவதும் அதோடு காய்ச்சல், அடிவயிற்று வலி, சளி அல்லது ரத்தம் என்று சேர்வதும் அறிகுறிகள். வயதானவர்கள், சமீபத்தில் ஆஸ்பத்திரியில் தங்கியவர்கள், கிளிண்டாமைசின், செஃபிக்ஸிம் போன்ற செஃபலோஸ்போரின்கள், சிப்ரோஃப்ளாக்ஸசின் வகையறா எடுத்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மருந்து முடிந்து எட்டு வாரம், அதற்கு மேலும்கூட இது வரலாம். பலருக்கு ‘அது போன மாசம் பல் டாக்டர் குடுத்தது’ என்று சொல்லத் தோன்றுவதே இல்லை. வீட்டில் ஒருவருக்கு இது உறுதியானால் சானிடைசர் போதாது, அதன் வித்துகள் ஆல்கஹாலில் சாகாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும். இதுதவிர, கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்பது, உடல் அரிப்பது ஆகியவை கிளாவுலனிக் சேர்ந்த மருந்து முடிந்து சில வாரம் கழித்தும் வரலாம். அது கல்லீரல் சமாசாரம், உடனே காட்ட வேண்டும். முகம் வீங்கி மூச்சு இரைத்தால் அது ஒவ்வாமை, அப்போது மட்டும் மருந்தை அந்த நொடியே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நீரிழிவுக்கு மெட்ஃபார்மின், ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு நிறையப் பேதியாகி, குடிப்பதும் வயிற்றில் தங்கவில்லையென்றால் சிறுநீரகம் அடிவாங்கும். அன்றே மருத்துவரை அழைத்து அந்த மாத்திரைகளைப் பற்றிக் கேளுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் ஆன்டிபயாடிக் தொடங்கும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். மெட்ரோனிடசோலும் சிப்ரோஃப்ளாக்ஸசினும் ரத்தம் உறைவதை மேலும் குறைக்கும்.

செஃபிக்ஸிம், செஃப்போடாக்ஸிம், லீவோஃப்ளாக்ஸசின் முதலியவை 2014 மார்ச் முதல் எச்1 பட்டியலில் உள்ளன. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் இவற்றால் ஒரு பயனும் இல்லை. பயனில்லாத இடத்தில் மிஞ்சுவது பக்கவிளைவு மட்டும்தான்.

எங்கள் கோரிக்கை சின்னது. கவர் அச்சடிக்கும்போது முன், பின் கட்டங்களுக்கு நடுவே ‘சாப்பாட்டோடு’ என்று மூன்றாவது கட்டம் ஒன்றும், அடியில் ‘பால், தயிர், இரும்புச்சத்து: __ மணி நேரம் தள்ளி’ என்று ஒரு வரியும் சேர்த்தால் செலவு கூடாது. மருத்துவர்கள் 1-0-1 என்பதோடு நிறுத்தாமல் அந்த ஒரு சொல்லையும் எழுதினால் எங்களுக்கும் வேலை சுலபம். கடைக்காரர்கள் அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கம் நோயாளியிடம் போகும்படி வெட்டட்டும், முடியாவிட்டால் கவரின் மேல் பெயரை எழுதிக் கொடுக்கட்டும். வாங்கியவர்களும் காலி அட்டையை மூன்று மாதம் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். பேதி என்று மறுபடி போகும்போது, ‘சிவப்பு நீளமா ஒரு மாத்திரை’ என்று விளக்குவதைவிட அந்த அட்டையை மேசையில் வைப்பது மருத்துவருக்குப் பாதி வேலையை முடித்துவிடும்.

இப்படிக்கு,
மருந்தாளுநர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி.